நிற்காத திருப்பம்

"அவன் என் புரோகிராமைத் திருடிட்டான். இனி அவன் இருந்தா நான் இல்லை."

மெக்கானிக் இப்படிச் சொன்னதும் கிளப் அறையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மூன்று வருஷமாகக் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் அவர்.

அங்கே எல்லோரும் உள்ளங்கை அளவு வண்டி செய்து ஓட்டுகிறவர்கள். 'எலி' என்பார்கள். பலகையால் கட்டிய சிக்கலான பாதைக்குள் விட்டால், உள்ளே ஏற்றிய புரோகிராமை வைத்துத் தானே வழி கண்டுபிடித்து நடுவுக்குப் போக வேண்டும். குறைந்த நேரத்தில் போகிற எலிக்கு வருஷா வருஷம் கோப்பை. மற்ற எலிகள் முனைக்கு முனை நின்றுதான் திரும்பும். மெக்கானிக்கின் எலி நிற்காமலே வளைந்து ஓடும். எப்படி என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார்.

லிஃப்ட் கம்பெனியில் வேலை போன பிறகு அவருக்கு அக்கா வீட்டுப் பின்னறைதான் கதி. முகம் கொடுத்துப் பேசாத அக்கா புருஷன்கூட, யாராவது வந்தால் அந்தக் கோப்பைகளை எடுத்துக் காட்டுவார். மிச்சமிருந்த மரியாதை அவ்வளவுதான்.

அவர் குற்றம் சொன்ன டெய்லர் நேரெதிர். கண்டுபிடித்ததையெல்லாம் கிளப் குரூப்பில் எழுதிப் போட்டுவிடுவார். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அவர்தான் போன வாரம் மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தரையில தூசி இருந்தா உங்க எலி வளையும்போது சறுக்கும்ண்ணே. அதுக்கு முந்தி வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

யாருக்கும் காட்டாத கணக்கு இவனுக்கு எப்படித் தெரிந்தது? மெக்கானிக் அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டார்.

கிளப்பில் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நான் எடுக்கலைங்க. அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார் டெய்லர். புதிதாக வருகிறவர்கள் பழகிக்கொள்ளட்டும் என்று தன் எலியை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார். யாரும் தடுக்கவில்லை.

அதோடு போகவில்லை. கிளப்காரர்கள் அவரிடம் துணி கொடுப்பதையும் நிறுத்தினார்கள். திருட்டுப் பட்டம் தெருவெல்லாம் பரவியது. இரண்டே மாதத்தில் கடையைக் காலி செய்து, எங்கே என்று சொல்லாமலே ஊரைவிட்டுப் போனார். போன் நம்பரும் மாறிப்போனது.

டெய்லர் விட்டுப்போன எலியை ஒருநாள் கிளப் செயலாளர் எடுத்து வந்து, புதிதாக வந்தவர்களுக்காகச் சரிபார்த்துக் கொடுங்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்டார். திருடியதற்கு அத்தாட்சி கிடைக்கட்டும் என்று அவரும் உடனே அதைக் கம்ப்யூட்டரில் மாட்டினார்.

தேடியது கிடைத்தது.

"பாருங்க மேடம். அப்படியே என் கணக்கு."

செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். அந்த அம்மாள் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"தேதியைப் பாத்தீங்களா?"

மெக்கானிக் பார்த்தார். அவர் முதல் கோப்பை வாங்கியதற்கு இரண்டு மாதம் முந்திய தேதி. அவர் அந்தத் திருப்பத்தை யோசித்தே இராத நாள் அது.

அந்த வரிகள் மொத்தமும் ஓடாதபடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. மேலே ஒரு குறிப்பு. மெக்கானிக் முதல் கோப்பை வாங்கிய அன்று டெய்லர் எழுதியது. செயலாளர் அதைப் படித்துக் காட்டவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மெக்கானிக் தனியாக உட்கார்ந்து படித்தார்.

'அண்ணன் இன்னைக்கு இதே முறையிலதான் ஜெயிச்சார். நாளைக்கு குரூப்ல போட இருந்தேன், வேண்டாம். நானும் இதை ஓட்டக் கூடாது. அவருக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்.'