மூன்றாவது கத்தி

மரம் இழைக்கும் மெஷினின் வாய் திறந்து கிடக்கிறது. உருளையில் மூன்று கத்திகள். மூன்றையும் தச்சர் காலையில்தான் கல்லில் தீட்டினார். ஜன்னல் வெயிலில் அவற்றின் விளிம்புகள் வெள்ளை நூல்போல மின்னுகின்றன. இரண்டு சரியாக உட்கார்ந்துவிட்டன. மூன்றாவதுதான் உயிரை வாங்குகிறது. மெஷினின் மேஜைமேல் நேரான ஒரு மரச்சட்டத்தை வைத்து உருளையைக் கையால் மெல்லச் சுற்றுகிறார். முதல் இரண்டு கத்திகளும் சட்டத்தை நகக்கண் அளவு இழுத்து விடுகின்றன. மூன்றாவதோ ஒரு விரல் அகலத்துக்கு இழுக்கிறது. மயிரிழை உயரம் கூடுதல். திருகைத் தளர்த்தி, கத்தியைக் கட்டையால் அமுக்கி, ஸ்பேனரை மாட்டுகிறார். இறுக்குகிற நொடியில் வலது கை உதறுகிறது. ஸ்பேனர் கடகடவென்று இரும்பில் அடித்துக்கொள்ள, கத்தி மறுபடி மேலேறிவிடுகிறது. இது ஆறாவது தடவை.

"இன்னுமா முடியல? குடுங்கண்ணே, நான் போடறேன்" என்கிறான் பலகை அடுக்கிக்கொண்டிருக்கும் தம்பி.

"இருபத்தஞ்சு வருஷமா நான்தான் போடறேன். நீ உன் வேலையப் பாரு."

ஏழாவது தடவையும் சட்டம் விரல் அகலம் நகர்கிறது. பார்க்காதவர்போல் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஆனது ஆகட்டும் என்று சுவிட்சுக்குக் கை நீட்டுகிறார். தம்பி பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடிக்கிறான். "கத்தி தெறிச்சிடும்ணே!" சொல்லும்போதே அவன் குரல் இறங்கிப்போகிறது. "எத்தனை நாளா கை இப்படி?" அவர் கையை உருவப் பார்க்கிறார். "அண்ணிக்குத் தெரியுமா?" இல்லையென்று தலையசைக்கிறார். "விடுடா. ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்துடறேன்டா." தம்பி விடவில்லை. இரண்டு கைகளாலும் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை.