கடைசி வளைவில் யார் தப்பு?

ஞாயிற்றுக்கிழமை டிவியில் கார் ரேஸ் முடிந்ததும் அவருக்கு ஒரு போன் வரும். அவர் தனியாக இருக்கும் அந்த வீட்டுக்கு வாரத்தில் வரும் போன் அது ஒன்றுதான்.

பேசுவது பழைய எதிராளி. இருவரும் ஒரு காலத்தில் பெயர்பெற்ற ரேஸ் ஓட்டுநர்கள். இருபது வருடங்களுக்கு முன், சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில், கடைசி வளைவில் ஒருவரோடொருவர் மோதிக் கோப்பையைக் கோட்டைவிட்டவர்கள்.

எதிராளிதான் முதலில் ஆரம்பித்தார்: “இன்னிக்கு ஜெயிச்சவனைப் பாத்தியா? வளைவுல அவசரப்படாம, நேர் ரோட்டுக்குக் காத்திருந்து முந்தினான். அந்தப் பொறுமை உனக்கு ஏது? இல்லாத சந்துல மூக்கை நுழைச்சே!”

“ரெண்டாவதா வந்தவனைப் பாத்தியா? முந்த வந்தவனுக்கு ஒரு கார் அளவு இடம் விட்டான். நீ வேணும்னே குறுக்க வந்தே. தப்பு உன்னோடதுதான்!”

வழக்கமாக இது ஒரு மணி நேரம் நீளும். இன்று எதிர்முனை சட்டென்று தணிந்தது.

“சரிப்பா, தப்பு என்னோடதுதான். இந்த வயசுல எதுக்கு வம்பு? வெச்சிடறேன்.”

அவர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

“வெச்சிடாதே! தப்பு என்னோடது. அங்க இடமே இல்லைன்னு அன்னிக்குச் சாயங்காலமே வீடியோல பாத்துட்டேன்.”

“அடப்பாவி! அப்புறம் ஏன்டா இருபது வருஷமா சண்டை போட்டே?”

“ஒத்துக்கிட்டா, அப்புறம் எதுக்கு நீ எனக்குப் போன் பண்ணப் போறே?”

மறுமுனையில் குரல் உயர்ந்தது.

“அதெல்லாம் முடியாது. தப்பு என்னோடதுதான். அடுத்த ஞாயித்துக்கிழமை நிரூபிக்கிறேன், போனை எடு!”