அளவெடுக்கும் நாள்

ரம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு இலாரியோ அந்தத் தூண்கள்ளியின் முன்னால் நின்றான். தகடு எண் 212. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் இருக்கும்.

வாய்தான் கெடுத்தது.

பாலைவனச் சரிவில் வேலி போட்டு ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய நாளிலிருந்து, இருபது வருஷமாக அவன்தான் அளவுகோல் பிடிக்கிறான். ஆண்டுக்கொரு நாள் முந்நூறு கள்ளிக்கும் உயரம் பார்த்துச் சத்தமாகச் சொல்வான். டாக்டர் வெல்டன் எழுதிக்கொள்வார். நிலையத்தின் சரித்திரம் முழுக்க அவன் தொண்டை வழியாகத்தான் போயிருக்கிறது. ஆனாலும் இந்தக் கள்ளிகளைப் பற்றி உனக்கு என்னென்ன தெரியும் என்று ஒரு நாள்கூட யாரும் கேட்டதில்லை.

போன வாரம் டாக்டர் கேட்டார். கள்ளிக்கு மற்ற மரங்கள்போல வளையம் கிடையாது, வயது தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம் என்று காப்பி குடித்தபடி புலம்பினார். இலாரியோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"212க்கு இருபத்தேழு வயசு டாக்டர். என் மக லூபே பொறந்தப்பதான் அது மொளைவிட்டுது. அவ நஞ்சுக்கொடிய அதோட அடியிலதான் பொதைச்சோம்."

டாக்டர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான். முட்டாள்.

இன்று அளவெடுப்பு முடிந்த கையோடு ரம்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். வயது தெரிந்த ஒரே கள்ளி அதுதானாம். அறுத்து உள்ளே பார்த்தே ஆக வேண்டுமாம்.

இலாரியோவின் கொம்காக் ஜனங்களுக்கு, நஞ்சுக்கொடி புதைத்த கள்ளிதான் பிள்ளையின் ஆயுசு. அது நிற்கிறவரை பிள்ளையும் நிற்கும். லூபேவுக்கு இப்போது ஏழாம் மாதம்.

"இது வேணாம் டாக்டர்."

"ஒரு செடிதானேப்பா. உன் மகளுக்கு ஒண்ணும் ஆகாது. கட்டுரையில அவ பேரையும் போட்டுடறேன்."

நல்ல மனுஷர். அதுதான் இன்னும் எரிந்தது. கெட்டவராக இருந்தால் ரம்பத்தை அவர் காலடியில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

இலாரியோ பக்கத்தில் பார்த்தான். நாலடி தள்ளி 213 நின்றது. வெகுநேரம் அதைப் பார்த்தான்.

"அதை அறுத்துக்கலாம். அதுக்கும் இருபத்தேழுதான். ஒரு நாள்கூட வித்தியாசம் இல்ல."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

காது கேளாதவன்போல அவன் 213 பக்கம் போனான். வேறு யாரையும் தொட விடாமல் தானே அறுத்தான். பச்சைத் தோல் கிழிந்து தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. டாக்டர் துண்டு துண்டாக எடை போட்டு, வயது இருபத்தேழு என்று எழுதிக்கொண்டார். அவர் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை.

சாயங்காலம் அவன் மனைவி தோமாசா மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். அளவெடுக்கும் நாளில் மட்டும் அவளுக்கு அடுப்பில் கவனம் இருக்காது. அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவாள்.

"லூபே எவ்ளோ ஏறியிருக்கா?"

"மூணு விரல்."

அடுத்த கேள்வி அவனுக்குத் தெரியும். இருபது வருஷமாகக் கேட்கிற கேள்வி.

"அவ தம்பி?"

லூபேவுக்கு அரை மணி நேரம் பின்னால் பிறந்தவன். பதினோரு நாள் இருந்தான். செத்தவனுக்கு எதற்குக் கள்ளி என்றுதான் 213ஐ அறுக்கும்போது நினைத்தான். நினைத்தபோது சரியாகத்தான் பட்டது.

தோமாசா மீனைத் திருப்பாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு விரல்," என்றான் இலாரியோ. "அக்காவத் தாண்டிட்டான்."