பின் இருக்கை

விமானம் வந்து நின்று கண்ணாடி மூடி திறந்ததும் சன்னாசி எக்கிப் பார்த்தார். மகள் தினேஸ்வரி பின் இருக்கையில் இருந்தாள்.

முன் இருக்கையில் மீசை அரும்பாத ஒரு பயல்.

பத்து காஜா ஊரில், வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் தினேஸ்வரி இதே விமானத்தின் முன் இருக்கையில்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஆகாயப்படையில் சேர்ந்த புதிதில் எடுத்தது. போன மாதம்கூடப் பதவி உயர்வு வந்துவிட்டதாகப் போனில் சொன்னாள். சந்தையில் மீன்காரன் வரைக்கும் தம்பட்டம் அடித்தாயிற்று. உயர்ந்தவள் முன்னாலல்லவா உட்கார வேண்டும்? இதென்ன கூத்து!

ஈப்போ விமான நிலையத்தில் அன்று ஓய்வு பெறும் அந்த விமானத்துக்குப் பிரியாவிடை விழா. ஒலிபெருக்கி மலாயில் அதன் முப்பது வருஷப் புகழைப் பாடிக்கொண்டிருந்தது. சன்னாசியின் காதில் ஒன்றும் ஏறவில்லை.

கூட வந்த பக்கத்து வீட்டுச் சீனி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா?

“என்னா வாத்தியாரே, ஸ்டேரிங் அந்தப் பையன்கிட்டல்ல இருக்கு. நம்ம தினேசு கெளிண்டானா?”

லாரியில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போய்ச் சாமான் ஏற்றி இறக்குகிற கெளிண்டானாம், மேஜர் தினேஸ்வரி! சன்னாசிக்குச் சுருக்கென்று தைத்தது. ஏதோ தப்புக்காகப் பிள்ளையைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அப்பன் மனசு நோகக்கூடாதென்று மறைத்திருக்கிறாள், பாவம்.

தினேஸ்வரி இறங்கி நேராக அவரிடம் வந்தாள்.

“ஏம்மா, ஸ்டேரிங்கப் புடுங்கிட்டாங்களா? அப்பாகிட்ட சொல்றதுக்கு என்னா?”

அவள் ஒரு கணம் முழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா, இது பழக்குற பிளேன்லா. முன்னால பழகுறவன், பின்னால பழக்குறவ. நானும் இதுலதான் பழகுனேன். கடைசியாப் பழகுன ஆளு அந்தத் தம்பி. யாரு வேணாலும் இதக் கேக்கலாம், நீங்க கேக்கலாமா?”

அவள் கை வேலிக்கு வெளியே நின்ற சன்னாசியின் காரைக் காட்டியது.

கூரையில் ‘எல்’ பலகை. பத்து காஜாவில் பாதிப் பேர் அதில்தான் ஓட்டக் கற்றார்கள். சீனியும்தான். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை, சன்னாசி உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்து கிடந்தது.

விழா முடிந்ததும் சன்னாசி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்துபோய், சாவியைச் சீனியின் கையில் திணித்தார்.

“நீ ஓட்டுடா. கெளிண்டான் பக்கத்துல உக்காந்து வாரேன்.”