மூன்றாவது அச்சு

தூண்டிலுக்கு ரப்பர் புழு வார்ப்பதற்காகக் கணவர் செய்த பிளாஸ்டர் அச்சு, இரண்டாகப் பிரியவே மாட்டேன் என்றது. கத்தியை விட்டு நெம்பினார். பட்டென்று உடைந்தது.

"மூணாவதும் போச்சா? நடுவுல எண்ணெய் தடவ மறுபடியும் மறந்தாச்சு!" மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அச்சு ஆகறதுக்குள்ளயே வீடு பூரா ரப்பர் உருக்கின நாத்தம். என் பால் சட்டியும் பாழ்!"

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மனுஷன் செய்வானா இந்த வேலையை?"

"செஞ்சுதான் ஆகணும்." மனைவி தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "என்கிட்ட இருந்ததே ரெண்டு புழு. எனக்குத் தெரியாம ஏரிக்கு எடுத்துட்டுப் போய், ஒண்ணை மரத்துல மாட்டித் தொலைச்சது யாரு? நான் மீனோட வரதுக்குள்ள நாலாவது அச்சு காஞ்சிருக்கணும்!"