கேக்குக்கு வெள்ளி மணி

“இதுவா வெள்ளி? ஈயச் சொம்பாட்டம் கீது!” மாதிரி மணியைப் பார்த்துப் பட்லர் ஆரோக்கியம் மூன்றாவது தடவையாக உதட்டைப் பிதுக்கினார்.

திண்டிவனத்தில் வெள்ளைக்காரத் துரையின் மகளுக்குக் கல்யாணம். கேக்கின் மேல் வைக்க, சர்க்கரையைப் பிசைந்து செய்த குட்டி மணிகள் வேண்டும். அவை வெள்ளி போலவே மின்ன வேண்டும். ரொட்டிக் கடை தேவநாதனுக்கு அழுகையே வந்தது. முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவி காகிதத்தை விட மெல்லிய வெள்ளி ரேக்கை ஒட்டினால், விரலோடு வந்துவிடுகிறது. மூச்சு விட்டால் பறக்கிறது.

கடைசியில் எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டி முடித்தான். பங்களாவுக்குக் கொண்டுபோனபோது பட்லர் இல்லை. சமையற்கட்டு மேஜையில் வைத்துவிட்டு வந்தான்.

விடிந்ததும் பட்லர் கடைக்கே வந்து கத்தினார். “இன்னிக்குக் கல்யாணம்! மணிங்க எங்கடா? என்னை ஏன்டா பேஜாரு பண்றே?”

“நேத்தே கொண்டாந்து வச்சிட்டேங்க. மேஜை மேல, கரண்டிங்க பக்கத்துல.”

பட்லரின் முகம் வெளிறியது.

“அடப்பாவி, அது நீ செஞ்சதா? துரைசானி அம்மாவோட வெள்ளிச் சாமான்னு நெனச்சு, கரண்டிங்களோட சேத்து வெந்நீர்ல ஊறப் போட்டுட்டேனே!”

தேவநாதன் தலையில் அடித்துக்கொண்டான்.

“அப்ப மட்டும் ஈயச் சொம்பாட்டம் தெரியலீங்களா?”