கோட்டுக்குக் கடல்பக்கம்

சிவப்புக் கோடு கல்லறைத் தோட்டத்தின் நடுவே போனது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கார் ஆபீசிலிருந்து வந்திருந்த பெண் சொன்னதால்தான் அது கல்லறைத் தோட்டம். இல்லாவிட்டால் விரல் நகம் அளவுக்கு ஒரு சாம்பல் கட்டம். அவ்வளவுதான்.

ஞாயிறு பூசை முடிந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பங்கு மண்டபத்தின் ஜன்னல்களை அடைத்துச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டியிருந்தார்கள்.

வேட்டியின் மேல் ஊர்.

வானத்திலிருந்து எடுத்த படமாம். செயற்கைக்கோள் எடுத்ததாம்.

அந்தப் பெண் ஒரு பொத்தானை அமுக்கினாள். மணல் அகலமாகக் கிடந்தது. அது பழைய வருஷம். மறுபடி அமுக்கினாள். மணல் மெலிந்தது. மறுபடி. வலைக்கூடம் இல்லை. மறுபடி. அந்தோணியார் குருசடிக் கோயில் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க வானம் வரைக்கும் போயிருக்கிறார்கள். வாசலில் வந்து நின்றிருந்தால் ஒரு சாயா குடித்த நேரத்தில் தெரிந்திருக்கும்.

பக்கத்தில் இருந்த கிளீட்டஸ் வாயைத் திறந்தான்.

"மேடம், எங்க வீட்டுக்காரி மாடியில கருவாடு காயப்போட்டிருக்கா. பூனை வந்துட்டுதான்னு அதுல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

மண்டபம் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள்.

"பூனை தெரியாதுண்ணே. படகுன்னா தெரியும்."

பாதிரியார் எழுந்தார். சிவப்புக் கோட்டைக் கையால் தொட்டுக் காட்டினார். இந்த ஆனி ஆடிக் கடல் இதுவரைக்கும் வரும் என்கிறார்கள். கோட்டுக்குக் கடல்பக்கம் இருக்கிற கல்லறைகளை அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். ரோட்டுக்கு மேலே புதுத் தோட்டம் தயாராக இருக்கிறது. எடுக்கிற குடும்பங்கள் சொல்லுங்கள்.

மனைவி பிலோமி அவர் முழங்கையை இடித்தாள்.

"கேட்டியளா. நம்ம பெட்டி கடல்பக்கம்லா கெடக்கு."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"படகு தெரியுமாம்மா?"

"பெரிய படகா இருந்தா தெரியும் ஐயா."

"பெரிய படகுதான்."

சிரிப்பு நின்றது. அந்தப் படகு எதுவென்று மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். கார்த்திகைப் புயலில் போனது. ஓட்டிப் போனவன் அவருடைய மகன் ததேயூஸ். படகும் வரவில்லை. அவனும் வரவில்லை.

"புயலுக்கு மறுநாள் எடுத்த படம் இருக்கா?"

அவள் பாதிரியாரைப் பார்த்தாள். பாதிரியார் தரையைப் பார்த்தார்.

இல்லை என்று சொல்லுவாள் என்று நினைத்தார். ஆபீஸ்காரர்களுக்கு முதலில் பழகுகிற சொல் அதுதான்.

"தேதி சொல்லுங்க ஐயா."

சொன்னார். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் தட்டினாள். தேடினாள். ஊர் போய்விட்டது. வேட்டி மட்டும் இருந்தது.

மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தார். இல்லை. அதுதான் படம். மேலிருந்து கீழ்வரை வெள்ளை. அங்கங்கே கொஞ்சம் சுருள்.

"மேகம் ஐயா. மேகம் மூடியிருந்தா கீழ இருக்கிறது எதுவும் படத்துல விழாது."

"கடல் எங்க?"

"அதுக்குக் கீழ."

தலையாட்டினார்.

மேலே இருந்து நன்றாகத் தேடிவிட்டோம் என்று அன்றைக்கு அதிகாரிகள் வந்து சொன்னார்கள்.

இதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நெஞ்சில் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தட்டிப் பார்த்தாலும் தன்னுடையது இல்லை.

"போதும்மா," என்றார்.

ஊர் வேட்டிக்குத் திரும்பி வந்தது. சிவப்புக் கோடும் வந்தது.

பாதிரியார் ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டார்.

"எடுக்கோம் சாமி," என்றது ஒரு குரல். "நாங்களும் எடுக்கோம்," என்றது இன்னொன்று. ஒரு கிழவி, தன் வீட்டுக்காரரைப் புருஷனோடு சண்டை போடாத ஒருத்திக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் முறை வந்தது. பிலோமி கையைத் தூக்கினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"எடுக்காண்டாம்."

"என்னத்துக்கு?" பிலோமி அவர் பக்கம் திரும்பினாள். "எல்லாருக்க பெட்டியும் மேல போகுது. எனக்க பிள்ளைக்க பெட்டிய மட்டும் கடலுக்குக் குடுக்கவா?"

அந்தப் பெட்டியில் எலும்பு இல்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு அந்த ஊரில் பெட்டிக்குள் உடுப்பை வைத்துப் புதைப்பார்கள். ததேயூஸின் நீலக் கட்டம் போட்ட சட்டை, அவன் போன காலையில் ஆணியில் தொங்கியது. பிலோமிதான் இஸ்திரி போட்டு, பொத்தான்களை மாட்டி, உள்ளே வைத்தாள். குளிரில் போகிறவனுக்குக் கொடுத்துவிடுவதுபோல் கழுத்துவரைக்கும் மாட்டி வைத்தாள்.

"எடுக்காண்டாம் பிள்ளே," என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இல்லை. அவளுக்கு மட்டும்.

"அவன் சட்டையில்லாம வெறும் மேலோடல்லா போனான்."

பாதிரியார் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

பிலோமி சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நீலத்தைப் பார்த்தாள்.

அவர் பிடித்திருந்த கையை அவள் உருவிக்கொள்ளவில்லை.